கைமாற்றக்கூடிய பெட்டி: தீவுகளுக்கு ஸ்ரூடியோ விளக்குகளைக் கொண்டுசெல்லல்

ஸ்ரூடியோ விளக்குகளுக்குப் பெட்டி வாங்க நினைக்கும்போது பெரும்பாலானோர் முதலில் விளக்கைத்தான் அளக்கிறார்கள். இரண்டு பிளாஷ், இரண்டு ஸ்ராண்ட், ஒரு சொஃப்ட்பொக்ஸ், குடைகள், வயர், பற்றரி எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்து, அவ்வளவும் அடங்கும் ஒரே பெட்டியைத் தேடுகிறார்கள். கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் சில்லுப் பூட்டிய ஒரு நீளமான பைதான். எல்லாம் அதற்குள் அடங்கும், இழுத்துக்கொண்டும் போகலாம். வானில் ஏற்றி மண்டபத்து வாசலில் இறக்கும் வேலைக்கு அது போதும். ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு அயல் தீவுகளுக்கு வேலைக்குப் போகிறவருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகிறவருக்கும் அது போதாது. பயணத்தில் எந்தக் கணம் மிகக் கடினமானதோ, அந்தக் கணத்துக்கு ஏற்றபடியே பெட்டியைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது இந்த இயலின் வாதம். தீவுப் பயணத்தில் அந்தக் கணம், இறங்குதுறையில் நிற்பவரின் கையிலிருந்து படகுக்குள் நிற்பவரின் கைக்குப் பெட்டி மாறும் கணம். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் விடை ஒன்றுதான் வருகிறது: நீர் புகாத, ஒருவர் கையை நீட்டிக் கொடுக்கக்கூடிய எடையுள்ள சிறு பெட்டிகள் பல வேண்டும், பெரிய பெட்டி ஒன்று வேண்டாம்.

வழியை எழுதிப் பாருங்கள்

பெட்டி வாங்குமுன் போகும் வழியைத் தாளில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை வழியாக ஊர்காவற்றுறை வரை தரைவழியே வந்துவிடலாம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கும் கடலை ஊடறுத்துப் போகும் வீதி உண்டு. அந்த வீதி முடியும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குக் கடற்பயணம் கொஞ்ச நேரம்தான். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிடிக்கும். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்தே படகு ஏற வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில், ஹம்மன்ஹீல் கடற்கோட்டை நிற்கும் அந்தக் கடல்வழியைக் கடக்க, மக்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவை உண்டு. வரைபடத்தில் இவை எல்லாம் சிறு தூரங்கள். பெட்டியைத் தேய்ப்பதும் உடைப்பதும் தூரத்தைவிட அது எத்தனை முறை தூக்கி வைக்கப்படுகிறது என்பதுதான்.

நெடுந்தீவில் ஒரு திருமணத் தம்பதியருக்கு வெளிப்புறப் படப்பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து வாகனத்துக்கு, வாகனத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து மறுதுறைக்கு, அங்கிருந்து ஓட்டோவுக்கு, ஓட்டோவிலிருந்து வேலையிடத்துக்கு என்று ஆறு முறை பெட்டி தூக்கப்படுகிறது. திரும்பி வர இன்னும் ஆறு. பன்னிரண்டு முறையில் சில்லு உதவுவது துறையின் கொங்கிறீற்றில் நடக்கும் கொஞ்சத் தூரத்துக்கு மட்டும். நெடுந்தீவின் பவளக்கல் மதில்களுக்கிடையிலான ஒழுங்கைகளிலும், மட்டக்குதிரைகள் மேயும் வெளியிலும், கடற்கரை மணலிலும் சின்னச் சில்லுகள் உருளா; வெறும் சுமையாகவே கூட வரும். சில்லின் அச்சுக்குள் மணலும் உப்பும் புகுந்தபின் நல்ல தரையிலும் அவை இறுகிவிடும்.

காலத்தையும் வழியோடு சேர்த்து எழுத வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். அப்போது நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும், படகு துறையோடு மோதி ஏறி இறங்கும். நயினை நாகபூசணி அம்மனின் ஆண்டுத் திருவிழா ஆனியில் வருகிறது. புலம்பெயர்ந்த உறவுகள் கோடை விடுமுறைக்கு வந்து திருமணமும் பூப்புனித நீராட்டு விழாவும் வைப்பது யூலை, ஓகஸ்ட் மாதங்களில். படப்பிடிப்பாளருக்கு வேலை கூடிய காலமும் காற்றுக் கூடிய காலமும் ஒன்றாகவே வருகின்றன. கடல் அமைதியாக இருக்கும் நாளை நினைத்துப் பெட்டி வாங்கினால், வருமானம் வரும் நாளில் அது கைவிடும்.

நீட்டிய கை தாங்கும் எடை

ஒரு பெட்டி எவ்வளவு எடையில் இருக்கலாம் என்பதை உடல் வலிமையைப் பற்றிய பெருமையிடம் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வுத் தேசிய நிறுவனம் 1991இல் திருத்தி அமைத்த தூக்குதல் சூத்திரம் இதற்கு நல்ல வழிகாட்டி. எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால், உடலிலிருந்து 25 சென்ரிமீற்றருக்குள் வைத்துத் தூக்கும் சுமைக்கு அது தரும் உச்ச எல்லை 23 கிலோ. சுமை உடலை விட்டு விலக விலக இந்த எல்லை அதே விகிதத்தில் குறையும். கையை நீட்டி 50 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் எல்லை பாதியாகி 11.5 கிலோவாகிறது. உடலைத் திருப்பினாலோ குனிந்தாலோ அது இன்னும் குறையும். துறையில் நிற்பவர் செய்வது இவை எல்லாவற்றையும்தான்: குனிந்து, திரும்பி, கையை நீட்டிக் கொடுக்கிறார். அவர் கொடுக்கும் படகோ அசைந்துகொண்டிருக்கிறது. ஆகவே நிரப்பிய பெட்டி ஒன்றின் எடை 10 கிலோவைச் சுற்றி இருக்கட்டும். 12 கிலோவை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம். கதிரையில் வைத்து ‘தூக்கலாம்’ என்று முடிவெடுப்பதை விட்டு, வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ‘பெரிய பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாமே’ என்பார்கள். தரையில் தூக்கலாம். படகில் ஏற்றும்போது இருவரில் ஒருவர் துறையிலும் மற்றவர் படகிலும் நிற்பார்கள். இருவரின் கால்களும் வெவ்வேறாக அசையும் தளங்களில் இருக்கும். அலை படகை இறக்கும் அந்த நொடியில் முழு எடையும் மேலே நிற்பவரின் கைக்கு வந்துவிடும். விழுவது பெட்டியாகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். படகு பொதுப் போக்குவரத்து என்பதும் மறக்கக் கூடாதது. ஆசிரியர்களும் நோயாளிகளும் மரக்கறி மூட்டைகளும் போகும் படகு அது. நடைவழியை அடைக்கும் பெரிய பெட்டி எல்லோருக்கும் இடைஞ்சல், அவசரத்தில் ஆபத்தும் கூட. சிறு பெட்டிகள் இருக்கைக்குக் கீழே போகும், எடையும் படகில் ஓரிடத்தில் குவியாது.

எடைக்கு அடுத்தது கைபிடி. ஒரே ஒரு கைபிடியுள்ள பெட்டியைக் கைமாற்றும்போது வாங்குபவருக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. கொடுப்பவர் கையை விடுவதற்கு முன் வாங்குபவர் இறுகப் பிடித்திருக்க வேண்டும். அதற்கு மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு கைபிடிகள் தேவை. இல்லாத பெட்டிக்கு, அகலமான நைலோன் பட்டியைச் சுற்றிக் கட்டி இரு பக்கமும் வளையம் விட்டுத் தைப்பிக்கலாம். கடையில் பெட்டியைப் பார்க்கும்போதே நண்பர் ஒருவரை எதிரில் நிறுத்தி, கொடுத்து வாங்கிப் பாருங்கள். விளம்பர அட்டை சொல்லாத குறையை அந்த ஒரு சோதனை சொல்லிவிடும்.

கடல் நீரும் உப்புக் காற்றும்

நீர் புகாத பெட்டி என்றதும் மனத்தில் வருவது கடலில் விழும் விபத்து. அது அரிதுதான், ஆனாலும் அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இறுக மூடிய பெட்டிக்கு ஒரு நற்குணம் உண்டு: அது மிதக்கும். வெளியளவு 40×33×17 சென்ரிமீற்றர் உள்ள பெட்டி ஏறத்தாழ 22 லீற்றர் இடத்தை அடைக்கும். அது கடலில் மூழ்க 22 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். 8 கிலோ பெட்டி மேலே நிற்கும், கொக்கத்தடியால் எட்டி எடுத்துவிடலாம். அதே விளக்குகள் துணிப்பையில் இருந்தால் நனைந்து கனத்துக் கீழே போகும். பெட்டியில் ஐபி67 என்று குறித்திருந்தால், தூசி முற்றாக உட்புகாது, ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் கேடு செய்யும் அளவுக்கு நீர் உட்புகாது என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சோதனை புதிய, சுத்தமான றப்பர் விளிம்போடு செய்யப்படுவது. ஒரு தலைமயிரோ நாலு மணலோ விளிம்பில் கிடந்தால் குறியீடு காப்பாற்றாது. பூட்டும்போதெல்லாம் விரலால் அந்த விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

விபத்தைவிட நாளாந்தம் நடக்கும் கேடு பெரியது. கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் மிதக்கின்றன. அவை படியும் இடத்தில் காய்ந்தால் வெறும் தூள். ஆனால் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். இரவிலும் விடியலிலும் இந்தத் தீவுகளில் ஈரப்பதன் அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே பிளாஷின் பற்றரி முனைகளிலும் பூட்டுத் திருகிலும் படிந்த உப்பு, மழை பெய்யாமலே ஒவ்வோர் இரவும் உப்புநீராகி உலோகத்தைத் தின்கிறது. மண்டபத்துக்குள் மட்டும் வேலை செய்யும் பிளாஷ் பல ஆண்டு உழைக்க, கடற்கரையில் வேலை செய்யும் அதே வகைப் பிளாஷின் முனைகள் பச்சை பூப்பதற்குக் காரணம் இதுவே. பெட்டியின் முதல் வேலை, வேலை நடக்காத நேரமெல்லாம் இந்தக் காற்றை வெளியே நிறுத்துவது. துணிப்பையின் சிப்பால் அது முடியாது. பெட்டியின் சொந்த உலோகத்தையும் கவனியுங்கள். அலுமினியப் பெட்டி நகரத்தில் அழகாக இருக்கும். உப்புநீர் பட்டதும் அலுமினியத் தகடும் இரும்பு ஆணியும் தொடும் இடத்தில் அரிப்புத் தொடங்கிவிடும். பிளாஸ்ரிக் உடலும் துருப்பிடிக்காத உருக்கு ஊசியும் கொண்ட பெட்டியே கடலுக்குப் பொருந்தும்.

‘இறுக மூடினால் உள்ளே இருக்கும் ஈரமும் சேர்ந்துதானே அடைபடும்?’ என்ற மறுப்பு நியாயமானது. கணக்குப் பார்த்துப் பதில் சொல்லலாம். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள 15 லீற்றர் காற்றில் இருக்கும் நீராவி அரைக் கிராமுக்கும் குறைவு. சின்ன சிலிக்காஜெல் பொட்டலம் ஒன்றே அதை உறிஞ்சிவிடும். அப்படியானால் பூஞ்சணம் எங்கிருந்து வருகிறது? ஈரக் குடைத் துணியிலிருந்தும், வியர்வை ஊறிய பட்டியிலிருந்தும், நனைந்த ஸ்பொஞ்சிலிருந்தும் வருகிறது. அவை பல கிராம் நீரைத் தேக்கி வைத்திருக்கும். ஆகவே மூடியைத் தளர விடுவது தீர்வாகாது. துணியானது எதையும் பிளாஷோடு ஒரே பெட்டியில் வைக்காததுதான் தீர்வு. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்து, விசிறிக் காற்றில் உலரவிட்டு, பிறகு மூட வேண்டும். தீவுகளில் நல்ல தண்ணீர் அரிது. துடைப்பதற்கென்று ஒரு போத்தல் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நன்று. நீல நிற சிலிக்காஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஏறத்தாழ 120 பாகையில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். நீலத்தைத் தருவது கோபால்ற்றுச் சேர்வை, அது நஞ்சு. ஆகையால் சமையல் பாத்திரத்தில் சூடாக்கவும் கூடாது, சிறுவர் கைக்கு எட்டவும் விடக் கூடாது.

குளிரூட்டிய வானில் வருகிறவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. மேலே சொன்ன 30 பாகை, 75 வீதக் காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. வானுக்குள் 22 பாகைக்குக் குளிர்ந்த பிளாஷைக் குறிகட்டுவானில் வெளியே எடுத்தால், அதன் கண்ணாடியிலும் உள்ளிருக்கும் மின்சுற்றிலும் நீர் படியும். மூடிய பெட்டிக்குள் அது மெல்லச் சூடேறினால் நீர் பெட்டியின் வெளிப்புறத்தில்தான் படியும். இறங்கியவுடன் பெட்டியைத் திறக்காமல் அரை மணித்தியாலத்துக்கு மேல் விட்டுவைத்தால் போதும். படகுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே அது கழிந்துவிடும். வீதியாலேயே போகக்கூடிய ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் படகுப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அங்கே கைமாற்றும் சிக்கல் இல்லை, ஆகையால் எடையில் தளர்வு காட்டலாம்; உப்பும் பனியும் அங்கும் உண்டு, ஆகையால் மூடியில் தளர்வு காட்ட முடியாது.

பெட்டிக்குள் மெத்தை

கடினமான ஓடு மட்டும் விளக்கைக் காக்காது. விழும் பொருளைக் காப்பது அது நிற்பதற்குக் கிடைக்கும் தூரம். 75 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் பிளாஷ், மெத்தைக்குள் 2.5 சென்ரிமீற்றர் அமுங்கி நின்றால் அதன்மேல் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 30 மடங்கு வேகத்தளர்வு விழும். அரைச் சென்ரிமீற்றரில் நின்றால் அது 150 மடங்கு. அதனால் பெட்டிச் சுவருக்கும் பிளாஷுக்கும் இடையே எல்லாப் பக்கமும் குறைந்தது 3 சென்ரிமீற்றர் மெத்தை வேண்டும். இன்னொரு பிளாஷை நெருக்கி வைக்கலாம் என்ற ஆசையில் அந்த இடைவெளியை விழுங்கிவிடக் கூடாது. மெத்தை அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால் எடை அதை முற்றாக அமுக்கிச் சுவரில் மோதும்; கடினமாக இருந்தால் அமுங்கவே அமுங்காது. ஒரு பிளாஷை அதன்மேல் வைத்துக் கையால் அழுத்தும்போது பாதி அமுங்கி எதிர்த்து நிற்கும் மெத்தையே நல்லது.

பெட்டியோடு வரும் சாம்பல் நிற ஸ்பொஞ்ச், சதுரம் சதுரமாகப் பிய்த்தெடுக்கும் வகை, முதல் நாளில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது நீரைக் குடிக்கும். கடல்நீர் ஒருமுறை ஊறினால் உப்பை வெளியேற்றுவது கடினம், பிய்ந்த துணுக்குகளும் மூடியின் விளிம்பில் போய் ஒட்டும். நுண்ணறைகள் மூடிய பொலித்தீன் நுரை நீரைக் குடிக்காது, கத்தியால் நேராக வெட்டலாம், கழுவிக் காயவிடலாம். விலை கொஞ்சம் கூடினாலும் கடலோர வேலைக்கு அதுவே இலாபம். மீன் பெட்டிக்குப் பயன்படும் றெஜிபோம் நீரைக் குடிக்காது என்றாலும் ஓர் அடிக்கு மட்டுமே தாங்கும். நொறுங்கியபின் மீளாது, அதன் மணிகள் பிளாஷின் விசிறித் துவாரத்துக்குள் போகும். அடிதாங்கும் மெத்தையாக அதை நம்ப வேண்டாம்.

அடுக்குமுன் பிளாஷின் முன்பக்கக் காப்பு மூடியைப் போடுங்கள். மொடலிங் மின்குமிழ் திருகு வகையாக இருந்தால் கழற்றித் தனியே சுற்றி வையுங்கள். படகு எஞ்சினின் நடுக்கம் ஒரு மணித்தியாலம் தொடர்ந்தால் இழையும் திருகும் தளரும். பிளாஷை அணைப்பதோடு நிற்காமல், கொண்டென்சரில் தேங்கிய மின்னை வெளியேற்றும் முறையைக் கைநூலில் பார்த்து அதன்படி செய்துவிட்டே பெட்டியில் வையுங்கள். அதில் தேங்கும் மின் உயிருக்கே ஆபத்தானது. நனைந்த பிளாஷை வேலையிடத்தில் யாரும் திறந்து பார்க்கக் கூடாது.

பற்றரிக்குத் தனி இடம்

நெடுந்தீவு போன்ற தீவுகள் நாட்டின் பிரதான மின்வலையோடு இணைக்கப்படாமல் மின்பிறப்பாக்கியை நம்பி வந்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரியனும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. எப்படியானாலும் கடற்கரையிலும் கோட்டைச் சுவரடியிலும் மின்செருகி கிடைக்காது. பற்றரியில் இயங்கும் பிளாஷே இந்த வேலைக்கு உகந்தது. அதன் லித்தியம் பற்றரிக்கு இரண்டு பகைகள்: வெப்பமும் உலோகத் தொடுகையும். கறுப்புப் பெட்டி மேல்தளத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் இருந்தால் உள்ளே காற்று வெளியைவிட மிகவும் சூடாகும். மேலதிகப் பற்றரிகளுக்கென்று வெளிர்நிறச் சிறு பெட்டி ஒன்றை ஒதுக்கி, நிழலில் வைத்து, மேலே வெள்ளைத் துணி போடுங்கள். ஒவ்வொரு பற்றரியின் முனையையும் அதன் மூடியாலோ நாடாவாலோ மறைத்து, திறப்பு, நாணயம், திருகாணி எதுவும் அதே அறைக்குள் இராமல் பாருங்கள்.

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மேலதிக லித்தியம் பற்றரிகள் பொதிகளோடு போகக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. அதற்கு மேற்பட்டவை பயணிகள் விமானத்தில் ஏறா. கொடொக்ஸ் ஏடி200இன் பற்றரி ஏறத்தாழ 42 வாட்-மணி, ஏடி600 புரோவினது ஏறத்தாழ 75, இரண்டும் எல்லைக்குள். 1200 ஜூல் அளவுள்ள சில பெரிய பிளாஷ்களின் பற்றரி 160ஐத் தாண்டும். ஆகவே பற்றரிப் பெட்டி தனியாக, கையில் பிடிக்கும் அளவில் இருந்தால் விமானத்துக்கும் அதுவே, படகுக்கும் அதுவே.

செலவும் எண்ணிக்கையும்

இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு செலவு. 1976இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பெலிக்கன் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் இங்கே வந்து சேரும்போது விலை மிகக் கூடிவிடும். மூன்று நான்கு வாங்கு என்று சொல்வது சின்ன ஸ்ரூடியோ நடத்துபவருக்குச் சுமைதான். ஆனால் எல்லாப் பொருளுக்கும் அந்தத் தரம் தேவையில்லை. பிளாஷ், பற்றரி, ரிகர் ஆகியவற்றுக்கு மட்டும் றப்பர் விளிம்புள்ள கடினப் பெட்டி வேண்டும். உள்ளளவு ஏறத்தாழ 37×26×15 சென்ரிமீற்றர் உள்ள ஒன்று வெறுமையாக 3 கிலோ அளவில் நிறுக்கும். ஏடி200 போன்ற ஒரு கிலோவுக்கு உட்பட்ட பிளாஷ்கள் இரண்டு மெத்தையோடு அடங்கும். 3 கிலோ அளவிலான ஏடி600 வகைக்குச் சற்றுப் பெரிய பெட்டியில் பிளாஷுக்கு ஓர் அறை என்று ஒதுக்கலாம். இரண்டு வைத்தாலும் எல்லைக்குள் நிற்கும். ஸ்ராண்டுகளுக்குத் தடித்த கன்வஸ் பை போதும். சொஃப்ட்பொக்ஸும் குடையும், படகோட்டிகளும் மீனவரும் பயன்படுத்தும், வாயைச் சுருட்டிக் கட்டும் நீர்புகாப் பையில் போகலாம். காற்றுக்கு ஸ்ராண்டை நிறுத்த மணல்மூட்டை தேவை. வெறும் பைகளை மடித்துக் கொண்டுபோய், அங்கேயே மணலோ தண்ணீர்ப் போத்தலோ நிரப்பி, முடிந்ததும் மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வரலாம்.

கடினப் பெட்டிக்கே பணம் இல்லையென்றால், சுற்றிவர றப்பர் விளிம்பும் நாலு பக்கமும் கொளுக்கியும் உள்ள தடித்த உணவுப் பெட்டியைப் பழைய பைக்குள் வைத்து, இடையில் பொலித்தீன் நுரையைச் செருகலாம். ஓட்டின் வலிமை குறையும், ஆனால் உப்பும் நீரும் வெளியே நிற்கும். எதை வாங்கினாலும் விளக்கை வைக்குமுன் சோதியுங்கள்: உலர்ந்த கடதாசி ஒன்றை உள்ளே வைத்து மூடி, தொட்டித் தண்ணீரில் கல்லேற்றி அரை மணித்தியாலம் அமிழ்த்தி எடுங்கள். கடதாசி உலர்ந்திருந்தால் பெட்டி தேறிவிட்டது. பெயர்பெற்ற பெட்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும். றப்பர் விளிம்பு வெயிலில் இறுகும், வெடிக்கும்.

இன்னொரு மறுப்பு: பெட்டிகள் கூடினால் ஒன்றை எங்காவது விட்டுவிடுவோம். உண்மையான ஆபத்துத்தான். ஆனால் அதை ஒழுங்கால் வெல்லலாம். ஒவ்வொரு பெட்டியிலும் 1/5, 2/5 என்று மொத்தத்தோடு சேர்த்துப் பெரிதாக எழுதுங்கள். படகில் ஏறியதும் இறங்கியதும் எண்ணுவது ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கட்டும். பொருளையும் பிரித்து வையுங்கள்: ஒரு பிளாஷ், ஒரு ரிகர், ஒரு பற்றரி என்று தனித்து வேலை செய்யக்கூடிய ஒரு தொகுதி முதற்பெட்டியில், அதே போன்ற இன்னொன்று இரண்டாம் பெட்டியில். ஒன்று நனைந்தாலும் தவறினாலும் மற்றதால் வேலையை முடிக்கலாம். ஒரே பெரிய பெட்டியை நம்பியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது நனைந்தால் எல்லாமே நனைந்துவிடும்.

வாங்கும் ஒழுங்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் தராசில் நிறுத்துப் பொருட்களைப் பத்துப் பத்துக் கிலோவாகப் பிரியுங்கள். அதற்குச் செலவே இல்லை. அடுத்து, இப்போது இருக்கும் பைகளுக்கு இரண்டாவது கைபிடி தைப்பியுங்கள். பிறகு மேலதிகப் பற்றரிக்கும் ரிகருக்கும் ஒரு சிறு நீர்புகாப் பெட்டி. அதன்பின் முதற் பிளாஷ் தொகுதிக்கு ஒன்று, அடுத்த பருவத்தில் இரண்டாவது தொகுதிக்கு ஒன்று. சில்லுப் பூட்டிய பழைய பையைத் தூக்கி எறிய வேண்டாம். மண்டப வேலைக்கு அது இனியும் உதவும்.

நகரத்தில் விளக்குப் பழுதானால் கடைக்கு ஓடலாம், நண்பரிடம் இரவல் வாங்கலாம். நெடுந்தீவில் அதற்கு அடுத்த படகு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும், தேர் இருப்பிடத்துக்கு வந்துவிடும். பிள்ளையின் சடங்குக்குக் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்து கூடியவர்கள் அடுத்த வாரம் மீண்டும் கூடமாட்டார்கள். அந்தக் குடும்பம் நம்மிடம் ஒப்படைப்பது திரும்பி வராத ஒரு நாளை. பெட்டிக்குச் செலவழிக்கும் பணத்தையும் கவனத்தையும் விளக்கின் விலையோடு ஒப்பிடாமல் அந்த நாளின் பெறுமதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துக் கிலோ எல்லையும், இரண்டாம் கைபிடியும், விரலால் தடவிய றப்பர் விளிம்பும் எதற்காக என்பது அப்போது தெளிவாகும்.